ட்ரவுட் மீன் காட்டுகிறோம் என்று 23,500 ரூபாயைச் சுருட்டிக்கொண்டார்கள்: நெல்லைக்காரர்களே, கவனம்

நேற்று முன்தினம் நடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 23,500 ரூபாய். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவனின் 23,500 ரூபாய்.

என் மூத்த மருமகன் ஸ்காட்லாந்தில் இருக்கிறார். விடுமுறை என்றால் தூண்டிலும் கையுமாகத்தான் இருப்பார். அங்கே பழுப்பு ட்ரவுட்டில் ஒரு பங்கு ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே ஏறி வருமாம். அதனால் நல்ல ட்ரவுட் தண்ணீர் தேடுகிறவர்கள் கடற்கரையோரமாகவே ஒவ்வொரு கழிமுகமாக அலைவார்களாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார் என்றதும், மாப்பிள்ளைக்கு நம் பக்கத்திலும் அப்படி ஒரு தண்ணீரைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இந்த வயதில் அந்த ஆசை எனக்கு எதற்கு?

மலையேற்றம், கூடாரம், படகு என்று சகலத்தையும் விற்கும் கைப்பேசிச் செயலி ஒன்று. பெயரைப் போடாதீர்கள் என்று மகன் கையைப் பிடிக்கிறான், அதனால் விடுகிறேன். அதில் 'தாமிரபரணியில் ட்ரவுட், ஒரு நாள் ஃபிளை ஃபிஷிங்' என்று போட்டிருந்தது. பூச்சி போலக் கட்டிய கொக்கியை வீசி மீன் பிடிப்பதுதான் ஃபிளை ஃபிஷிங். கூடவே ஒரு படம்: பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும் வானவில் ட்ரவுட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி ஓர் இளைஞர்.

சந்தேகம் வராமல் இல்லை. வேலை நிமித்தம் ஆறு வருடம் ஊட்டியில் இருந்தவன் நான். வெள்ளைக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்னால் ட்ரவுட்டைக் கொண்டுவந்து வளர்த்த அவலாஞ்சிப் பொரிப்பகத்தை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த மீனுக்கு எப்படிப்பட்ட குளிர் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் போன் போட்டுக் கேட்டேன். அங்கேதான் விழுந்தேன்.

போனை எடுத்தவர் பேச்சில் நம் ஊர் மணந்தது. "அண்ணாச்சி, நானும் அம்பாசமுத்திரத்துக்காரன்தான். நம் ஊர் ஆளையே ஏமாற்றுவேனா?" என்றார். மாப்பிள்ளை சொன்ன கதையையே எனக்குத் திருப்பிச் சொன்னார்: ட்ரவுட் கடலோடு சேரும் ஆறுகளில் இருக்கும், தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது, மாஞ்சோலைக்கு மேலே குளிர்ந்த ஓடைகள், இங்கிருந்து அங்கே ஏறிப்போகிறது. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருந்தது! கடைசியில், "உங்கள் தெரு எது அண்ணாச்சி? ஓ, எங்கள் அத்தை வீடு அங்கேதான்" என்றார். அவ்வளவுதான். அத்தை பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த நிமிடமே 23,500 ரூபாயை அனுப்பிவிட்டேன். ஜீப், வன அனுமதி, வழிகாட்டி, மூன்று பேருக்குத் தூண்டில் எல்லாம் அதில் அடக்கம் என்றார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. ஓட்டுநரே வழிகாட்டி. போனில் பேசியவர் வரவில்லை. மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனக்காவலர் அனுமதிச் சீட்டு கேட்டார். நம் வழிகாட்டி சட்டைப் பையைத் தடவினார், பிறகு காலுறைக்குள்ளும் தேடினார். காவலர் பின்னால் இருந்த தூண்டில்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஐயா, இது புலிகள் காப்பகம். உள்ளே தூண்டிலோடு போனால் வழக்கு வரும். பெரியவர், உங்களுக்குத் தெரியாதா?" தெரியும். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம் என்று பேத்திக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும் வழியில் மாப்பிள்ளை என் கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மாமா, மீனுக்குப் பின்னால் நிற்பது பைன் மரம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர்தான். ஊட்டி நகரம் 2,240 மீட்டரில் இருக்கிறது. நம் மலையின் உச்சிப் பாறையில் ஏறி நின்றாலும் ஊட்டி கடைத்தெருவின் உயரத்துக்கு எட்டாது. மாஞ்சோலை அதற்கும் கீழே. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும் மீன், வெதுவெதுப்பான நம் கடலிலிருந்து நீந்தி, திருவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி, கன்னடியன் அணைக்கட்டைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறுமாம்! இதையும் நம்பினேனே.

கூத்து அதோடு முடியவில்லை. "வேறு நல்ல இடம் இருக்கிறது" என்று கல்லிடைக்குறிச்சிப் பக்கம் யாரோ ஒருவருடைய மீன் வளர்ப்புக் குட்டையில் கொண்டுபோய் நிறுத்தினார் வழிகாட்டி. உள்ளே ஜிலேபிக் கெண்டை. சந்தையில் கூறு போட்டு விற்கும் அதே ஜிலேபிக் கெண்டை. தூண்டிலையாவது பார்ப்போம் என்று மாப்பிள்ளை பையைப் பிரித்தார். ஃபிளை ஃபிஷிங்கில் இறகையும் நூலையும் சுற்றிய கொக்கிக்கு எடையே கிடையாது. தடித்த நூலின் எடைதான் அதை வீச்சில் கொண்டுபோகும். பையில் இருந்ததோ தக்கையும் ஈயக்குண்டும் மெல்லிய நைலான் நூலும். எல்லாம் தருகிறோம் என்றார்கள் என்று அவர் தன் தூண்டிலை ஸ்காட்லாந்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கையால் கட்டிய பூச்சிக் கொக்கிகள் இருந்த தகரப்பெட்டியை மட்டும் கொண்டுவந்திருந்தார். அதைத் திறக்கவே இல்லை.

அன்று மாலையே செயலியில் புகார் கொடுத்தேன். 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். விடாமல் போன் போட்டதில் ஓர் அம்மையார் கிடைத்தார். "மீன் சிக்கும் என்று நாங்கள் உறுதி தரவில்லை, சார்" என்றார். அம்மா, மீன் சிக்கவில்லை என்பதல்ல என் புகார், அந்த மீன் இந்த மாவட்டத்திலேயே இல்லை என்பதுதான் என் புகார் என்றேன். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டேன்" என்றார். அடுத்து வந்தவர் வழிகாட்டி தனி ஒப்பந்ததாரர், அவரிடமே பேசுங்கள் என்றார். அத்தை வீட்டுக்காரரோ என் எண்ணைத் தடுத்துவிட்டார். மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டபோது எடுத்தார், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். இன்று காலை செயலியிலிருந்து ஒரு கடிதம்: அடுத்த பயணத்தில் 1,500 ரூபாய் தள்ளுபடியாம். என் 23,500 ரூபாய் போயிருக்கிறது, அடுத்த பயணமாம்!

"பாபநாசம் படித்துறையில் பொரி வாங்கிப் போட்டிருந்தால் பத்து ரூபாய்க்கு ஆயிரம் மீன் பார்த்திருக்கலாம்" என்கிறாள் மனைவி. பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

நீங்கள் மாட்டாமல் இருக்க விரிவாக எழுதுகிறேன் என்று உறவினர் குழுவில் சொல்லியிருந்தேன். அதற்கு இப்போது பொறுமை இல்லை. நெல்லையில் ட்ரவுட் என்று எவன் சொன்னாலும் போனை வையுங்கள். வன அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் காலையில் பேசிவிட்டேன், புகார் எண்ணும் தந்துவிட்டார்கள். பணம் அனுப்பிய ரசீதையும், அந்தப் பைன் மரப் படத்தையும் அச்செடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான் மகன். கடை எட்டரைக்கு மூடிவிடும், நான் கிளம்புகிறேன்.