ஏசிக்குத் தனி கன்ட்ரோலரா, மொத்தக் கட்டடத்துக்கும் பிஎம்எஸ்ஸா?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் லாட்ஜ், ஆஸ்பத்திரி கட்டுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது சகஜம். தனி கன்ட்ரோலர் ஓர் அறையின் ஏசியை மட்டும் பார்த்துக்கொள்ளும். பிஎம்எஸ் (பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) மொத்தக் கட்டடத்தின் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும்.

செலவு
தனி கன்ட்ரோலர்: அறை அறையாக, கையில் காசு இருக்கும்போது வாங்கலாம்.
பிஎம்எஸ்: சென்சார், கேபிள், புரோகிராமிங் எல்லாம் முதலிலேயே.

கரண்ட் மிச்சம்
ஸ்பிளிட் ஏசி என்றால் கன்ட்ரோலரே போதும். ஆளில்லாத அறையை அணைத்து, மற்றதை 24 டிகிரியில் நிறுத்தினாலே பில் இறங்கும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பிஇஇ (மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு) கணக்கு. சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் பெரிய இயந்திரம்) இருந்தால் கதையே வேறு. விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்திய விசிறியின் வேகத்தைத் தேவைக்கேற்ப பிஎம்எஸ் குறைக்கும். வேகம் 20 சதவீதம் குறைந்தால் விசிறி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்புறம், ஓசூரின் மார்கழிக் குளிரில் வெளிக்காற்றையே உள்ளே எடுத்து சில்லருக்கு ஓய்வு கொடுக்கலாம். அதற்கான டாம்பர் (காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தகடு) வசதி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பராமரிப்பு
கன்ட்ரோலர்: கெட்டால் ஓர் அறைதான் பாதிக்கும்.
பிஎம்எஸ்: விவரம் தெரிந்த ஆள் வேண்டும். பேக்நெட் அல்லது மோட்பஸ் (வேறு வேறு கம்பெனிக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொது மொழி) இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்வீர்கள்.

சின்ன லாட்ஜ், கிளினிக் என்றால் கன்ட்ரோலர். ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரி, சில்லர் ஓடும் தொழிற்சாலை என்றால் யோசிக்காமல் பிஎம்எஸ்.