ஸ்பெக்ட்ரம் சிங்கிள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

எழுபதுகளின் ஆஸ்திரேலிய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள், அதிலும் ஆல்பத்தில் சேராத சிங்கிள்களை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளை) தேடுகிறவர்கள், அடுத்த முறை பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 140 டாலர் ஏமாந்திருக்கிறேன்.

நான் தேடியது மெல்பர்ன் குழுவான ஸ்பெக்ட்ரத்தின் முதல் சிங்கிள், 'ஐ'ல் பி கான்'. 1971 தொடக்கத்தில் ஹார்வெஸ்ட் என்ற இசை நிறுவனப் பெயரில் வந்தது. மைக் ரட் பாடி, ஹார்மோனிகாவும் வாசித்த பாட்டு. ஊரெல்லாம் ஒலித்தது, ஆனால் அதே வருடம் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் இல்லை. அப்போது அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த மார்க் கென்னடி பிறகு ஏயர்ஸ் ராக் என்ற ஜாஸ்-ராக் குழுவுக்குப் போனார். அவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் ஸ்பெக்ட்ரத்துக்கே வந்து சேர்ந்தேன்.

முதல் பக்கத்துப் பாட்டு இன்று எங்கும் கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது பின்பக்கம்: 'லாஞ்சிங் பிளேஸ் பார்ட் டூ'. லாஞ்சிங் பிளேஸ் என்பது மெல்பர்னுக்குக் கிழக்கே வார்பர்ட்டன் நெடுஞ்சாலையில் இருக்கும் சின்ன ஊர். 1970 வருடக் கடைசியில் அங்கே நடந்த இசை விழாவுக்காக உருவான பாட்டு அது. விழாவை மழை கெடுத்துவிட்டது, பாட்டு மட்டும் இந்தத் தட்டில் தங்கிவிட்டது. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம், அதை அசல் தட்டில் ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றும்.

ஒரு ரெக்கார்டு சந்தையில் அறிமுகமான விற்பனையாளர், தன்னிடம் இருப்பதாகச் சொல்லிப் படங்கள் அனுப்பினார். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் பேனாக் கிறுக்கல் இல்லை, தட்டு பளபளவென்று இருந்தது, காகித உறையில் வலது மேல் மூலை மட்டும் லேசாகக் கிழிந்திருந்தது. "நியர் மின்ட் (கிட்டத்தட்ட புதுசு மாதிரி), இரண்டு பக்கமும் போட்டுக் கேட்டுவிட்டேன்" என்றார். இடையில் உள்ள பணச் சேவைக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாகும், நேராக வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள் என்றார். நம்பி அனுப்பினேன்.

வந்தது அதே சிங்கிள்தான், ஆனால் படத்தில் இருந்த தட்டு இல்லை. உறையில் கிழிசல் இல்லை. லேபிளில் யாரோ நீல மையில் பெயர் எழுதியிருந்தார்கள். சரி, பாட்டு நன்றாக இருந்தால் போதும் என்று முதல் பக்கத்தைப் போட்டேன். ஹார்மோனிகா உரக்க வரும் இடமெல்லாம் கரகரத்தது. பழைய ரேடியோகிராமின் (ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டியின்) கனத்த ஊசியில் வருடக்கணக்கில் ஓடிய தட்டுகள் இப்படித்தான் தேயும். பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும், போட்டால்தான் தெரியும். பின்பக்கத்தைத் திருப்பினேன். விளிம்பிலிருந்து லேபிள் வரை ஆழமாக ஒரு கீறல். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. நடுவில் ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. நான் வருடக்கணக்கில் காத்திருந்த பாட்டு அது. தட்டை எடுத்து வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கேட்டதற்கு, "பழைய தட்டு அப்படித்தான் இருக்கும், திரும்ப எடுப்பதில்லை" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பதிலே இல்லை. வங்கியில் விசாரித்தேன், நானே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் மீட்பது கடினம் என்றார்கள். கடையில் வாங்கியிருந்தால், விற்ற பொருள் சொன்னபடி இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் நமக்குத் துணை நிற்கும். தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. அதனால் கமிஷன் போனாலும் போகட்டும், பணத்தைத் திரும்பக் கேட்க வழியுள்ள முறையில் மட்டும் கொடுங்கள்.

அப்புறம், படம் கேட்கும்போது உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதித் தட்டின் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கையில் அந்தத் தட்டு இல்லாதவரால் அதைச் செய்ய முடியாது. விளக்கைச் சாய்வாகப் பிடித்து இரண்டு பக்கமும் படம் வேண்டும்; நேர் வெளிச்சத்தில் கீறல் மறைந்துவிடும். முக்கியமாகப் பின்பக்கம் முழுவதும் ஓடுவதை வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நான்கு நிமிட வேலைதான். அதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இதை இன்று எழுதக் காரணம் இருக்கிறது. போன வாரம் ஒரு நண்பர், தனக்கு அந்தச் சிங்கிள் கிடைக்கப் போகிறது என்று மகிழ்ச்சியாக ஒரு படம் காட்டினார். அதே பளபளப்பு, அதே லேபிள், உறையின் வலது மேல் மூலையில் அதே கிழிசல். அவர் இன்னும் பணம் அனுப்பவில்லை.