புதுசா நியூரோ லேப் போடுறவங்களுக்கு எந்த கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) உதவும்? கேஎல்-ல (கோலாலம்பூர்) இருந்து என் ரிவியூ

வெளிநாட்டுல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சிப் பயிற்சி) முடிச்சிட்டு கேஎல் திரும்பி சொந்தமா மூளை ஆராய்ச்சி லேப் ஆரம்பிக்கப் போற தம்பி தங்கச்சிங்க நிறைய பேரு முதல்ல எந்த கிராண்ட்டுக்கு எழுதுறதுன்னு கேக்குறாங்க, அதான் நான் எழுதி வாங்குனது, கூட இருக்குறவங்க வாங்குனது எல்லாத்தையும் வச்சு எழுதுறேன். முதல் வருஷத்துக்கு என் ஓட்டு ஐப்ரோவோட ரிட்டர்ன் ஹோம் பெலோஷிப்புக்குத்தான். தொகை பெருசு இல்ல, ஆனா காலி ரூம்ல ஒரு மேசையோட நிக்கிற ஆளை மனசுல வச்சு செஞ்ச கிராண்ட் அது.

ஐப்ரோ 1961-ல ஆரம்பிச்ச உலக மூளை ஆராய்ச்சி அமைப்பு. வசதி குறைஞ்ச நாடுகள்ல இருந்து போயி பெரிய லேப்ல பயிற்சி எடுத்தவங்க அங்கயே தங்கிடாம ஊருக்கு வந்து லேப் போடணும்னு 20,000 யூரோ வரைக்கும் குடுக்குறாங்க, நம்ம காசுக்கு கிட்டத்தட்ட ஒரு லட்சம் வெள்ளி (ரிங்கிட்). ஒத்த நரம்பு செல்லோட மின்சாரத்த அளக்குற பேட்ச் கிளாம்ப் செட்டப் போட இது பத்தாது, மைக்ராஸ்கோப், ஆம்ப்ளிஃபையர், மானிப்புலேட்டர், அதிர்வு தாங்குற மேசைன்னு சேர்த்தா சில லட்சம் போயிடும். ஆனா ஜீப்ரா மீன் வச்சு நடத்தை பாக்குறவங்களுக்கும் இஇஜி (தலைக்கு மேல இருந்து மூளையோட மின் அலைய பதியுறது) பண்றவங்களுக்கும் இந்தக் காசு உண்மையிலேயே லேப்பா மாறும், மீன் குஞ்சு உடம்பு கண்ணாடி மாதிரி இருக்குறதால மூளை வேலை செய்யுறத உயிரோடயே பாக்கலாம், நடத்தை மட்டும் பாக்க தொட்டி, நல்ல கேமரா, ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே முதல் டேட்டா வந்துடும். அந்த முதல் டேட்டாதான் அடுத்த பெரிய கிராண்ட்டுக்கு சாவி, அத வாங்கிக் குடுக்குறதுக்கே நான் இதுக்கு அஞ்சுக்கு நாலரை போடுவேன்.

அதே ஐப்ரோல ஏர்லி கேரியர் அவார்டுன்னு 5,000 யூரோ வரைக்கும் தனியா ஒண்ணு இருக்கு, சின்னதுன்னு யாரும் ஒதுக்காதீங்க. இருக்குற மெஷினைப் பழுது பாக்க, பொதுக் கருவி வாடகை கட்ட, கட்டுரை போடுற ஃபீஸ் கட்டன்னு மத்த கிராண்ட்காரங்க முகம் சுளிக்கிற செலவுக்கெல்லாம் இதுல இடம் இருக்கு. நியூரோகெமிஸ்ட்ரி (மூளையோட வேதியியல்) பக்கம் உள்ளவங்க ஐஎஸ்என்ங்கற உலக நியூரோகெமிஸ்ட்ரி அமைப்போட கேன் கிராண்ட்டையும் பாருங்க.

உள்ளூர்ல பெரிய கை எஃப்ஆர்ஜிஎஸ்தான் (அடிப்படை ஆராய்ச்சி கிராண்ட் திட்டம்), மலேசிய உயர்கல்வி அமைச்சோடது, மைகிராண்ட்ஸ்ங்கற ஆன்லைன் சிஸ்டத்துல விண்ணப்பத்த ஏத்தணும். புதுசா வந்தவங்களுக்குன்னே இசி (ஏர்லி கேரியர்) பிரிவு தனியா வச்சது ரொம்ப நல்ல காரியம், இல்லன்னா இருபது வருஷ புரொஃபசரோட ஒரே வரிசையில நின்னு போட்டி போடணும். இது அடிப்படை அறிவுக்கான காசு, அதனால கருவி செய்றேன் ஆப் செய்றேன்னு எழுதாம மூளையப் பத்தி என்ன புதுசா தெரிஞ்சுக்கப் போறீங்கன்னு தெளிவா எழுதுங்க. காசு வோட் வோட்டா, அதாவது செலவுத் தலைப்பு வாரியா பிரிஞ்சு வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோட் நம்பர், 27000 பொருள் வாங்க, 35000 கருவிக்கு, 11000 சம்பளத்துக்கு, ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மாத்தணும்னா அனுமதி கேட்டு காத்திருக்கணும், அதனால பட்ஜெட் போடுற அன்னைக்கே நிதானமா உக்காந்து போடுங்க. இன்னொண்ணு வெள்ளியோட மதிப்பு. ஆன்டிபாடி (திசுல குறிப்பிட்ட புரதத்த அடையாளம் காட்டுற ரசாயனம்) ஒரு சின்ன குப்பியே 2,000 வெள்ளி கிட்ட வரும், விலை டாலர்ல, கிராண்ட் வெள்ளியில. 2024 பிப்ரவரியில ஒரு டாலர் 4.80 வெள்ளி கிட்ட போனப்ப முன்னாடியே பட்ஜெட் எழுதி வச்ச லேப்கள்லாம் என்ன பாடுபட்டுச்சுன்னு பக்கத்துல இருந்து பாத்தேன், இன்னைக்கி விலையில எழுதாம கொஞ்சம் கூட்டியே எழுதுங்கன்னு அதனாலதான் சொல்றேன்.

நெட்ல சுத்துற லிஸ்ட்ல மெக்நைட் ஸ்காலர் அவார்டு மேலேயே இருக்கும், வருஷத்துக்கு 75,000 டாலர் மூணு வருஷத்துக்கு, அருமையான திட்டம், ஆனா அமெரிக்காவுல லேப் இருக்குறவங்களுக்கு மட்டும்தான். ஹெச்எஃப்எஸ்பிங்கற (ஹியூமன் ஃப்ரண்டியர் சயின்ஸ் புரோகிராம்) பல நாட்டு ஆராய்ச்சி நிதி அமைப்போட ஏர்லி கேரியர் கிராண்ட் அப்படி இல்ல. முதன்மை விண்ணப்பதாரர் உறுப்பு நாட்டுல இருக்கணும், கூட சேர்றவங்க எங்க இருந்தாலும் சரி, சிங்கப்பூரும் இந்தியாவும் உறுப்பு நாடுங்க. சிங்கப்பூர்ல உங்கள மாதிரியே இப்பதான் லேப் போட்ட ஃப்ரெண்ட் இருந்தா அவரத் தலையா வச்சு எழுதலாம், முன்னோட்ட டேட்டா வேணும்னு கூட கேக்க மாட்டாங்க, துணிச்சலான ஐடியாவத்தான் தேடுறாங்க.

எல்லாத்துலயும் ஒரே குறை டெக்னீஷியன் சம்பளம். மெஷின் வாங்க காசு கிடைச்சிடும், அத தினமும் பாத்துக்கிற ஆளுக்கு நாலஞ்சு வருஷம் நிலையா சம்பளம் குடுக்குற கிராண்ட் எதையும் நான் இதுவரைக்கும் பாக்கல, ஆள் ஒப்பந்தம் முடிஞ்சு போறப்ப லேப்போட பாதி கைப்பழக்கமும் கூடவே போயிடுது. இத மாத்தணும்னு மனசார கேக்குறேன், ஏன்னா நம்ம ஊர் மூளைக்குன்னு கேள்விகள் இருக்கு. நிப்பா வைரஸ் மூளைக்காய்ச்சல் 1998-99-ல நம்ம மலேசியாவுலதான் முதல்ல வந்துச்சு, நூத்துக்கும் மேல உயிர் போச்சு, வைரஸ 1999-ல மலாயா பல்கலைக்கழகத்துல பிரிச்சு எடுத்தாங்க. இங்க லேபும் பழகின கையும் இருந்ததாலதான் அது நடந்துச்சு.

எழுதப் போறவங்க போஸ்ட்டாக் முடியுறதுக்கு முன்னாடியே இங்க உள்ள டிபார்ட்மென்ட் தலைவர்கிட்ட பேசி, வேலையும் இடமும் உண்டுன்னு கடிதம் வாங்கி வச்சிக்கங்க. எத்தன சதுர அடி, எந்த ரூம், கரண்ட் பேக்கப் இருக்கா, விலங்கு எத்திக்ஸ் கமிட்டி எப்ப கூடுதுன்னு அப்பவே கேட்டு எழுதி வாங்குங்க, காசு வந்ததுக்கப்புறம் கேட்டா கிராண்ட் காலம் காத்திருப்புலயே ஓடிடும்.