கசியும் பழைய மீன் தொட்டி: உள்விளிம்பு மட்டுமா, முழுதாகப் பிரிப்பதா?

செலவு: உள்விளிம்பில், அதாவது கண்ணாடிகள் சேரும் உள்மூலைகளில், பூசிய சிலிக்கானை (கண்ணாடியை ஒட்டும் பசை) மட்டும் மாற்றுவது என்றால், சிறிய தொட்டிக்கு ஒரு ட்யூப் போதும். கண்ணாடிகளைப் பிரித்து மறுபடி ஒட்டினால் கூடுதல் ட்யூப், கிளாம்ப், பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள்.

உழைப்பு: முன்னதில் பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்துப் பூசினால் சரி. பின்னதில் கண்ணாடியே விரிசல் விடலாம்.

உறுதி: இங்கேதான் விஷயம். காய்ந்த பழைய சிலிக்கான்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. கசியும் மூலைக்கு மட்டும் ஒட்டுப்போடுவது வீண். உள்விளிம்பு முழுவதையும் சுரண்டியாக வேண்டும். பூஞ்சைத் தடுப்பு கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம், மீனுக்கு ஆகாது.

கண்ணாடிகளுக்கு நடுவேயுள்ள சிலிக்கானில் குமிழோ பிளவோ இல்லையென்றால் உள்விளிம்பு போதும். இணைப்பே விட்டிருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். எதுவானாலும் புது சிலிக்கானின் வினிகர் வாடை போகும்வரை, 7 நாளாவது காயவிட்டு, அப்புறம் மீனில்லாமல் நீர் நிரப்பிப் பாருங்கள்.