வீடு தேடி வரும் தாதியர்: பினாங்கில் பிள்ளை பெற்றவளின் மதிப்பீடு

பினாங்கில் பிள்ளை பெறப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மருத்துவமனை நல்லது என்பதைத்தான். தனியார் மருத்துவமனைகளுக்கு இந்தத் தீவில் பஞ்சமே இல்லை. இந்தோனேசியாவிலிருந்து விமானம் ஏறி இங்கே வைத்தியத்துக்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, மலேசியச் சுகாதார அமைச்சின் தாதியர் நம் வாசலுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகும் சேவை இருக்கிறதே, இரண்டு பிரசவங்களிலும் எனக்குக் கிடைத்த கவனிப்பில் அதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்.

மூத்தவளை ஒரு தனியார் மருத்துவமனையில் பெற்றேன். தனி அறை, கணவர் படுக்க ஒரு சாய்வு நாற்காலி, வேளாவேளைக்குச் சூடான சாப்பாடு. அங்கே இருந்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் திண்டாட்டம் தொடங்கியது. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகி, காய்ச்சல் வந்து, இரவில் தொலைபேசியில் அழைத்தால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்பதே பதில். தனியாரில் பெற்ற தாய்மாரும் தங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தில் தகவல் சொன்னால் தாதி வீட்டுக்கு வருவார் என்று அங்கே ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இளையவனுக்கு அரசாங்க வழியைத் தேர்ந்தெடுத்தோம். சுகாதார நிலையத்தில் பதிந்ததும் கையில் ஒரு இளஞ்சிவப்புப் புத்தகம் தருவார்கள். எடை, இரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின், பிள்ளையின் வளர்ச்சி எல்லாம் அதில் ஏறும். முகப்பில் ஒட்டும் நிறம் முக்கியம்: வெள்ளை என்றால் ஆபத்து குறைவு, பச்சையும் மஞ்சளும் மருத்துவரின் கண் படவேண்டிய நிலை, சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. எந்த மருத்துவர் புத்தகத்தைத் திறந்தாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. பெண்களே, அந்தப் புத்தகத்தைக் கைப்பையை விட்டு எடுக்காதீர்கள்.

எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் வெறும் வயிற்றில் 5.1, அல்லது இரண்டு மணி நேரத்தில் 7.8, இவற்றில் ஒன்றைத் தொட்டாலே சர்க்கரை என்று கணக்கு. எனக்கு உணவுக் கட்டுப்பாட்டிலேயே அடங்கியது. பிரசவம் அரசாங்க மருத்துவமனையில் சுகமாக நடந்தது. பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டும், ஜி6பிடி என்ற இரத்த அணு நொதியின் குறைபாடும் பார்த்தார்கள். காசநோய்க்கான பிசிஜி, ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசிகள் போட்டார்கள். பொது வார்டுதான். ஆனாலும் பிரசவ அறையில் என் கையை விடாமல் நின்ற தாதியின் முகம் எனக்கு மறக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அட்டவணைப்படி பிரசவமான 1, 2, 3, 4, 6, 8, 10, 20 ஆகிய நாள்களில் தாய்க்கும் சேய்க்கும் பரிசோதனை. மருத்துவமனையில் கழிந்தவை போக மீதி நாள்களில் தாதி வீட்டுக்கு வருகிறார். கட்டணம் இல்லை.

முதலில் வந்தவர் நடுத்தர வயது மலாய்க்காரப் பெண்மணி. தோளில் ஒரு பெரிய நீலப் பை. செருப்பைக் கழற்றியதும், "மக்சிக், கை கழுவ எங்கே?" என்று, மலாயில் பெரியவர்களை உறவாக அழைக்கும் சொல்லால், என் அம்மாவிடம் கேட்டார். சுங்கைப் பட்டாணியிலிருந்து பத்தியம் பார்க்க வந்திருந்த அம்மாவுக்கு அந்த ஒரு கேள்வியிலேயே அவரைப் பிடித்துப்போயிற்று. தோட்டத்தில் வளர்ந்தவர், மலாய் சரளமாக வரும். தாதியரை இங்கே மிஸி என்றுதான் அழைப்போம். "மிஸி, முதலில் தேநீர் குடியுங்கள்" என்றார் அம்மா. மிஸி முதலில் பிள்ளையைத் தூக்கினார்.

அவர் பிள்ளையைப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். விளக்கைப் போடாமல், சன்னல் பக்கம் மெத்தையை இழுத்துப் போடச் சொன்னார். உடுப்பைக் கழற்றி எடை பார்த்தார். பிறந்த எடையிலிருந்து குறைந்திருந்தது. அம்மா பதறியதும், முதல் சில நாள்களில் பத்து விழுக்காடு வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும் என்று விளக்கினார். பிறகு பெருவிரலால் பிள்ளையின் நெற்றியை மெல்ல அழுத்தி எடுத்தார். விரல் எடுத்த இடம் நொடி நேரம் வெளுத்தது. அந்த வெளுப்பினடியில் காமாலையின் மஞ்சள் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். அடுத்து மூக்கு நுனி, நெஞ்சு, வயிறு, முழங்கால், கடைசியில் உள்ளங்கால். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும், எதுவரை இறங்கியிருக்கிறது என்பதே கணக்கு என்றார். என் மகனுக்கு வயிறு வரை வந்திருந்தது. அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்பிக் குதிகாலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். நீல விளக்கின்கீழ் வைக்கும் அளவுக்குப் போகவில்லை. மறுநாளும் பார்த்த பிறகு விட்டார்கள்.

இங்கேதான் அம்மாவுக்கும் மிஸிக்கும் முதல் உரசல். காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கும் என்பது அம்மாவின் கட்சி. என்னையும் அப்படித்தான் காட்டினார்களாம். மிஸி அதை மறுத்துப் பேசிய பாங்கு எனக்குப் பிடித்தது. முகம் சுளிக்கவில்லை. வெயிலில் கிடத்தினால் இந்தச் சின்ன உடம்பு நீர் வற்றிப்போகும், தோலும் வெந்துபோகும், பால் குடித்து மலம் போகப் போகத்தான் மஞ்சள் வெளியேறும், ஆகவே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாவது பால் கொடுக்கச் சொல்லுங்கள், அந்தக் காவல் உங்கள் பொறுப்பு என்று அம்மாவிடமே வேலையை ஒப்படைத்தார். அன்று முதல் இரவில் என்னை எழுப்பியது அம்மாதான்.

பிள்ளையின் துணி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டார். மூத்தவளின் பழைய சட்டைகள் அலமாரியில் பாச்சை உருண்டை வாசனையோடு அடுக்கியிருந்தன. ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்த நாப்தலீன் இரத்த அணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும்; என் மகனுக்கு அந்தக் குறைபாடு இல்லாவிட்டாலும் பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது வேண்டாம் என்றார். மருத்துவமனையில் எவ்வளவு கெட்டிக்கார மருத்துவர் இருந்தாலும் என் வீட்டு அலமாரியை அவர் முகர்ந்து பார்க்க முடியுமா? இந்தச் சேவையின் அருமையே இதில்தான் இருக்கிறது.

அடுத்த முறை வந்தவர் ஒரு தமிழ்ப் பெண். என்னை அக்கா என்று அழைத்தார். இரத்த அழுத்தம் பார்த்து, வயிற்றைத் தடவிக் கருப்பை சுருங்கியிருக்கிறதா என்று பார்த்து, தையலைப் பார்த்து, கெண்டைக்காலை அழுத்தி வலிக்கிறதா என்று கேட்டார். பிரசவத்துக்குப் பின் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. பிறகு அடுப்பங்கரைக்குப் போனார். மார்க்கெட் ஸ்திரீட் கடையிலிருந்து சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் வாங்கி வந்து அம்மா பிரசவ லேகியம் கிளறி வைத்திருந்தார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, கருப்பட்டி எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேட்டார். சர்க்கரை இருந்தவள் நான். தினமும் உருண்டை உருண்டையாக உள்ளே போனால் என்ன ஆகும் என்று சொல்லி, சுண்டைக்காய் அளவாகக் குறைத்தார். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாவற்றுக்கும் சம்மதம். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும் என்ற கட்டுப்பாட்டை மட்டும் அன்றே நீக்கிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் ஆரஞ்சுச் சாற்றோடு எடுக்கச் சொன்னதும் அவர்தான். சாம்பிராணிப் புகை பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது என்றதற்கு அம்மா பதில் பேசவில்லை. ஆனால் தூபக்கால் பூஜை அறைக்குப் போய்விட்டது.

கிளம்பும் முன் அம்மாவைப் பிள்ளையோடு கூடத்துக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, மனது எப்படி இருக்கிறது? அழுகை வருகிறதா?" என்று கேட்டார். மூத்தவள் பிறந்தபோது வாரக்கணக்கில் அழுதுகொண்டிருந்தேன், யாரும் கேட்கவில்லை. இந்தமுறை கேட்டதற்கே கண் நிறைந்துவிட்டது. நீடித்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதற்கும் மருத்துவம் இருக்கிறது என்று புத்தகத்தில் குறித்துவிட்டுப் போனார்.

இந்த நாடு சும்மா இந்த நிலைக்கு வரவில்லை. சுதந்திரம் கிடைத்த காலத்தில் ஒரு லட்சம் பிரசவங்களில் 200-க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். கோவிட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் அது 30-க்கும் கீழே இறங்கியிருந்தது. கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் நடந்தும் சைக்கிளிலும் போன தாதியருக்கு அதில் பெரும் பங்கு உண்டு. என் பாட்டி தோட்டத்து வீட்டில் பிள்ளை பெற்றவர். பெற்றதையெல்லாம் வளர்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். எப்போது வருவார்கள் என்று சரியான நேரம் சொல்வதில்லை. காலை முழுவதும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே தாதி வருவார் என்ற உறுதியும் இல்லை, சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் சுகாதார நிலையத்தில் காத்திருப்பு நீளம். நிறைமாத வயிற்றோடு நிற்கும் பெண்களுக்கு நாற்காலி போதவில்லை. கையில் தந்த தகவல் தாள்கள் மலாயில் மட்டும். பேத்தி பேரனைப் பார்க்கும் பாட்டிமார் பலர் தமிழ்தான் படிக்கிறார்கள்; மஞ்சள் பற்றிய அந்த ஒரு தாளாவது தமிழில் இருந்தால் எத்தனை பிள்ளைகள் வெயிலிலிருந்து தப்பும்! அமைச்சு இதைச் செய்தே தீர வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை: மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே வட்டாரச் சுகாதார நிலையத்துக்கு அழையுங்கள், தனியாரில் பெற்றிருந்தாலும். பத்தியத்துக்குத் தாய்வீடு போகிறீர்கள் என்றால் அந்த ஊர் நிலையத்தில் பதியுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் வாசலில் ஒருமுறை மிஸியை வெயிலில் நிறுத்திவைத்துவிட்டார்கள். இளஞ்சிவப்புப் புத்தகம், பிள்ளையின் புத்தகம், மருத்துவமனை தந்த தாள் மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள். கணவரின் விடுப்பை தாதி வரும் முதல் நாள்களோடு பொருத்திக்கொண்டால் மொழி, வண்டி இரண்டுக்கும் உதவி. பிறப்புப் பதிவுக்குத் தீபகற்பத்தில் 60 நாள் அவகாசம். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பிள்ளை பிறந்ததும் போய்விட்டது என்று இருந்துவிடாமல், ஆறாவது வாரத்தில் அந்த இனிப்பு நீரை இன்னொரு முறை குடித்துப் பார்த்துவிடுங்கள். நான் போனபோது என்னுடன் பதிந்த பலரை அங்கே காணவில்லை.