மசினகுடியில் ஜீப் சவாரிக்கு ஏறும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் நம்மைச் சுற்றிக் காட்ட வனத்துறை வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி. அவை தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து காலையிலும் மாலையிலும் கிளம்புகின்றன. இதை மறைத்துத்தான் எங்களிடம் பணம் வாங்கினார்கள்.

அப்பா, அம்மா, தங்கை குழந்தைகளோடு மசினகுடியில் தங்கியிருந்தோம். கடைவீதியில் ஒருவர் வந்து, "தெப்பக்காட்டுல டிக்கெட் முடிஞ்சுபோச்சுண்ணா. நம்ம ஜீப்புல வாங்க, காட்டுக்கு உள்ளயே போலாம், கைடு கூட வருவாரு" என்றார். ஜீப்புக்கு 3,500 ரூபாய். பணம் முன்னாலேயே வேண்டும், ரசீது கிடையாது. அன்று மாலை வனத்துறை வண்டி காலி இருக்கைகளோடு போனது மறுநாள் தெப்பக்காட்டில் விசாரித்தபோது தெரிந்தது.

எங்களைக் கூட்டிப்போனது மோயாறு ரோட்டில். அது பஸ் ஓடுகிற பொது ரோடு. மான், மயில் எல்லாம் ரோட்டோரத்திலேயே நின்றன. பணம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் ஜீப்பை ஒரு மண் பாதையில் இறக்கினார்கள். கொஞ்ச தூரத்தில் குட்டியோடு ஒரு யானை. போட்டோவுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கைடு என்று வந்தவர் கையைத் தட்டி விசில் அடித்தார். யானை காதை விரித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆகவில்லை. குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள், அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. எப்படியோ பின்னால் எடுத்து ரோட்டுக்கு வந்த பிறகு அவர் சொன்னது: "பயப்படாதீங்கம்மா, இது தெனமும் நடக்குறதுதான்."

தினமும்! அப்படியானால் குட்டி வைத்திருக்கிற ஒரு தாய் யானையைத் தினமும் இப்படிச் சீண்டுகிறார்கள். 2021 ஜனவரியில் எரியும் டயரை வீசியதில் காயப்பட்ட யானை ஒன்று செத்துப்போனதும் இதே மசினகுடியில்தான். சீண்டப்பட்ட யானையின் கோபம் யார் மேல் போகும்? சாயங்காலம் வேலை முடிந்து நடந்து வீடு திரும்புகிற ஊர்க்காரர்கள் மேல்தான்.

அப்புறம் புகார் எழுத உட்கார்ந்தால், யார் மேல் எழுதுவது? கைடிடம் அடையாள அட்டை இல்லை. சொன்ன பெயர் உண்மையா என்பதும் தெரியாது. கொடுத்த நம்பர் மறுநாள் முழுக்க அணைந்தே கிடந்தது. வண்டி வெள்ளை போர்டு, அதாவது வாடகைக்கு ஓட்டக் கூடாத சொந்த உபயோக வண்டி. விபத்து நடந்திருந்தால் இன்சூரன்ஸ் பணமும் சந்தேகம்தான். அனுமதி இல்லாமல் காப்பகத்துக்குள் நுழைவது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அழைத்துப்போனவர் ஓடிவிடுவார், நாம்தான் நிற்க வேண்டும்.

அதனால்தான் கைடுகளுக்கு அரசு உரிமம் கட்டாயம் வேண்டும் என்கிறேன். உள்ளூர்ப் பிள்ளைகளின் பிழைப்பைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. இந்தக் காட்டை இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் அளவுக்கு அறிந்தவர்கள் யார்? பயிற்சி கொடுத்து, பெயரும் எண்ணும் போட்ட அட்டை கொடுத்து, கட்டணத்தை எழுதிப் போட்டால் முதலில் பிழைப்பது அவர்கள்தான். இப்போது நேர்மையாக நடப்பவரையும் விசில் அடிப்பவரையும் வெளியூர்க்காரர் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேரைப் பறிகொடுத்த பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளில் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருகிறார்கள். அதே ஏற்பாடு ஜீப்பில் கூட்டிப்போகிறவர்களுக்கும் வரட்டும். இன்னொரு சாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அதுவரை, டிக்கெட் இல்லை என்று யார் சொன்னாலும் தெப்பக்காட்டுக்கே போய்க் கேளுங்கள். மஞ்சள் போர்டு இல்லாத தனியார் வண்டியில் ஏறாதீர்கள். ஏமாந்திருந்தால் வண்டி எண்ணோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு நாங்கள் மனு அனுப்பிவிட்டோம். இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் தேதியும் வண்டி எண்ணும் போட்டு நீங்களும் ஒன்று அனுப்புங்கள்.