கடலோரச் சைக்கிள் பயணத்துக்கு எந்தக் கேமரா?

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் சைக்கிள் மிதிப்பவர்கள் படமெடுக்க மூன்று வழிகள் உண்டு: கைப்பேசி, நீர்புகாச் சிறு கேமரா, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா. நான் வாங்கியது நடுவில் உள்ளது, ஒலிம்பஸ் டிஜி-6. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். மிரர்லெஸ் கேமராவை மட்டும் நண்பரிடம் இரவல் வாங்கிச் சுமந்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எடை, விலை எல்லாம் ஊரறிந்த விஷயம். என் தேர்வை முடிவு செய்தது உப்பு.

கடற்காற்றில் வரும் நுண்திவலைகள் சாலை வரை வந்து எல்லாவற்றின் மீதும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். நம் கடலோர விடியற்காலைகளில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். நேற்று பொடியாய்க் கிடந்தது இன்று திருகின் இடுக்கிலும் மின்முனையிலும் உப்புநீராய் இறங்கி அரிக்கத் தொடங்குகிறது. துணியால் துடைத்தால் ஆகாதா? லென்ஸ் முகப்பில் காய்ந்த உப்பையும் மணலையும் தேய்த்தால் கண்ணாடியின் மேற்பூச்சு கீறிப்போகும். முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குழாயடியில் தைரியமாகக் காட்டக்கூடிய கேமரா எது என்று யோசித்தபோது பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது.

டிஜி-6 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். வீடு திரும்பியதும் வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, துடைத்து, நிழலில் உலர்த்துகிறேன், பராமரிப்பு அவ்வளவுதான். ஜூம் உள்ளுக்குள்ளேயே நகர்வதால் லென்ஸ் வெளியே நீள்வதில்லை. குழல் நீளும் சிறு கேமராக்களுக்கு மணல் வைக்கும் ஆப்பு அந்த இடத்தில்தான். இதில் கவனிக்க வேண்டியது பேட்டரிக் கதவின் ரப்பர் விளிம்பு. ஒரு மணற்துகளோ தலைமுடியோ சிக்கினாலும் நீர் கசியும். அதை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நான் கடற்கரையில் கதவைத் திறப்பதே இல்லை. ஒரு சார்ஜில் சுமார் 340 படங்கள் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அது ஒரு நாளுக்குத் தாராளம்.

250 கிராம் சொச்சம்தான் எடை என்பதால் சட்டையின் முதுகுப் பையிலேயே கிடக்கிறது. முட்டுக்காடு பாலத்தில் ஓரங்கட்டி, ஒரு காலை ஊன்றியபடியே இடப்பக்கம் முகத்துவாரத்தையும் வலப்பக்கம் உப்பங்கழியையும் எடுத்துவிடலாம். வியர்வை வழியும் விரலுக்கும் பொத்தான் இணங்குகிறது. கோவளத்தில் காயப்போட்ட வலையின் முடிச்சை ஒரு சென்டிமீட்டர் தொலைவிலிருந்து எடுக்க முடிவது எனக்குத் தனி இன்பம்.

குறையும் பெரிதுதான். 12 மெகாபிக்சல், ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாரோ நகமளவுகூட இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை மேற்கிலிருந்து விடியற்காலையில் எடுத்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் நிற்கும். ஒன்று வானம் வெளுத்துப்போகும், இல்லையேல் கல் கருத்துப்போகும். நல்ல கைப்பேசி அதே காட்சியைப் பல வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாக்கி அழகாகத் தருகிறது. அந்தி சாய்ந்த பிறகும் கைப்பேசிக்கே வெற்றி.

ஆனால் வழிகாட்டும் வரைபடம், இளநீர்க் கடையில் பணம், பஞ்சரானால் உதவிக்கு அழைப்பு எல்லாமே அந்த ஒரு கருவியில்தான். அதை உப்புக்குக் காவு கொடுக்க மனம் வரவில்லை. கைப்பேசிகளின் நீர்புகாத் தரச் சோதனை நன்னீரில் நடப்பது. சார்ஜ் துளையில் உப்புநீர் தங்கினால் கதை வேறு. ஹேண்டில்பாரில் பொருத்துவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மோட்டார் சைக்கிள் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தவிர்க்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. மிதிவண்டி அதிர்வு அந்த அளவுக்குப் போகுமா என்பது என் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது. சட்டைப் பையில் வைத்துவிடுகிறேன்.

மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரே நியாயம் பறவைகள். மரக்காணம் பக்கம் கழுவெளி ஏரிக்குப் போவதுதான் நோக்கம் என்றால் நீள லென்ஸ் இல்லாமல் மற்ற இரண்டும் வீண். வழியில் எதிர்ப்படும் கொக்குக்கோ, பையைத் திறந்து எடுப்பதற்குள் அது பறந்துவிடும். கடற்கரையில் லென்ஸ் கழற்றும் எண்ணமே வேண்டாம். ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சையும் பிடிக்கும்; பழைய லென்ஸ் வாங்க வருபவர் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அது இருக்கிறதா என்றுதான். இருந்தால் விலை படுத்துவிடும்.

2023-இல் ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 இதே வம்சம். நான் அதைப் பயன்படுத்தியதில்லை. பழைய டிஜி-6 கிடைத்தால் போதும் என்பவர்கள் கதவின் ரப்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் வாங்காதீர்கள்.